ஐந்து மணிக்குத் தானாக மூடும் கோப்பு

உடும்பஞ்சோலையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஏலக்காய்த் தோட்டத்து அலுவலகத்தில் எக்செல் கோப்பை ஒருவரும் மூட மாட்டார்கள். காலையில் திறப்பார்கள், நாள் முழுக்க அதில் எழுதுவார்கள், சாயங்காலம் அப்படியே திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது கொள்கையாம்.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. மழை பெய்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வடகரப்பதியில் பிறந்தவன். எங்கள் பக்கம் மேகம் கூடினால் வெளியே வந்து பார்ப்போம். இங்கே வெயில் அடித்தால் வெளியே வந்து பார்த்தார்கள். கம்ப்யூட்டர் ஆள் என்று என்னை எடுத்திருந்தார்கள். பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பதிலிருந்து மேனேஜர் மகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது வரை எல்லாமே கம்ப்யூட்டர் வேலைதான்.

வரவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. அக்கா என்றால் உறவு இல்லை. என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான். தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்து, தபாலில் படித்து, அலுவலகத்துக்குள் வந்தவர். பறித்த பச்சைக்காய் எந்த வண்டியில் எத்தனை மூட்டை வந்தது என்று ஏற்றுவது அவர் வேலை. அது போதாதென்று, சாயங்காலம் எல்லாருடைய கோப்பையும் திறந்து, ஒவ்வொன்றிலும் அன்றைய வரிசை எண்ணைப் போட்டு, ஒரே தாளாகச் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதும் அவர் தலையில்தான். கோப்புகள் எல்லாம் ஒரு பொது ஃபோல்டரில் இருந்தன. வேறு யாராவது திறந்து வைத்திருக்கும் கோப்பை அக்கா திறந்தால் 'படிக்க மட்டும்' என்று வந்து நிற்கும். எண் போட முடியாது. எண் போடாமல் தாள் போகாது. தாள் போகாமல் அக்கா வீட்டுக்குப் போக முடியாது.

வீட்டுக்குப் போவதில்தான் சிக்கல். அவர் வீடு தோட்டத்தின் கீழ் டிவிஷனில், காட்டை ஒட்டி. அந்தப் பக்கம் போகும் கடைசி ஜீப் ஐந்தேகாலுக்கு எங்கள் கேட்டிலிருந்து கிளம்பும். அதற்குமேல் யாருக்காகவும் நிற்காது. வெளிச்சம் மங்கினால் கீழ் வளைவில் ஓர் ஒற்றை யானை வந்து நிற்கும், அதற்கு முன்னால் கடந்துவிட வேண்டும் என்பது டிரைவரின் கவலை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அக்கா வீட்டில் பத்தாவது படிக்கிற மகள் தனியாக இருப்பாள். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அந்த யானை பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரைத் தள்ளி அரிசியை எடுத்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அன்று அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தாளாம். அக்கா அன்றைக்கு ஜீப்பைத் தவறவிட்டிருந்தார்.

"நான் போய்க் கதவத் தட்டுதேன், தொறக்கவே மாட்டேங்கா. யானைதான் தட்டுதுன்னு நெனச்சிருக்கா, பாவம்" என்று சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

சரி, கோப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனால்தான் என்ன என்று தரம் பிரிக்கும் பிரிவின் பெரியவரிடம் கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக அங்கேயே இருப்பவர். மேனேஜர் உட்பட எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

"சுமை வழியில கெடக்கும்போது கணக்க மூடப்படாது, தம்பி."

"மூடினா என்னங்க ஆகும்?"

"வண்டி வந்து சேராது. நோட்டு இருந்த காலத்துல ஒருதரம் மூடியிருக்காவ. வண்டி உருண்டுட்டு."

"எப்பங்க அது?"

"எப்பவோ."

"எந்த வளைவுலங்க?"

"ஒமக்கு எதுக்குவே அதெல்லாம்? ஏறிப் பாக்கப் போறீரா?"

நோட்டுக் காலத்தில் நடுவில் பென்சிலை வைத்து விரித்தே போட்டிருப்பார்களாம். கம்ப்யூட்டர் வந்ததும் அதே பழக்கம் எக்செல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கடைசி மூட்டை ஸ்டோரில் இறங்கும் வரை ஒருவர் கையும் மூடுகிற அந்தப் பெருக்கல் குறியின் மேல் படாது. இத்தனைக்கும் ஐந்து மணிக்குமேல் வரும் சுமை மறுநாள் கணக்கில்தான் ஏற வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. அதாவது, அன்றைய தாளுக்கும் வழியில் வரும் அந்த வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதை நான் விளக்கினால் அண்ணாச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஆட்டிவிட்டு, திறந்த கோப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கடைசிச் சுமையைக் கொண்டுவரும் ஜீப்பை ஓட்டியவர் அக்காவின் கணவர்.

"பாத்துக்கிடுங்க தம்பி, எம் புருசன் வந்தாத்தான் இவுக கோப்ப மூடுவாக. அப்பத்தான் நான் வீட்டுக்குப் போவ முடியும். ஆனா எம் புருசன் என்னயக் கூட்டிட்டுப் போவ மாட்டாக. அதுக்குள்ள ஜீப்பும் போயிரும். எப்படி இருக்கு எம் பொழப்பு?"

அவரும் என்ன செய்வார்? மூட்டையை இறக்கிய கையோடு, காய் பறிக்க வந்த பெண்களை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும்.

அக்காவுக்கு அந்தக் கொள்கையில் துளியும் நம்பிக்கை இல்லை. "வண்டி என்ன பிரேக்குல ஓடுதா, எக்செல்லுல ஓடுதா அண்ணாச்சி?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அண்ணாச்சி அதற்கும் தலையைத்தான் ஆட்டுவார். ஒருநாள் ஜீப் போன பிறகு, ஹாரன் சத்தம் கீழே இறங்கித் தேய்வதைக் கேட்டபடி அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஆளு தொடாம அதுவாவே மூடிக்கிடுத மாதிரி ஏதாச்சும் செய்ய முடியாதா?"

"பண்ணிப்போடலாமுங்க்கா. சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாப் போதும்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

மேனேஜர் மலையாளி. அவரிடம் அனுமதி கேட்டேன். "எந்து வேணமெங்கிலும் செய்தோளூ. எனிக்கு சமயத்தினு ஷீட் கிட்டணும்" என்றார். எதையாவது செய்துகொள், தாள் நேரத்துக்கு வந்தால் சரி. இதைவிடத் தாராளமான அனுமதி எனக்கு எந்த மேலதிகாரியிடமும் கிடைத்ததில்லை.

முதலில் எழுதியது ஒரு முரட்டு ஸ்கிரிப்ட். எக்செல்லையே அடித்துச் சாத்தியது. சேமிக்காமல் வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. நல்லவேளை, என் கணினியில்தான் சோதித்தேன். அடுத்ததைப் பொறுமையாக எழுதினேன். திறந்திருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும், சேமிக்கும், மூடும். ஏதாவது ஒன்று மூட மறுத்தால் ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வந்து பார்க்கும். மூடும் வரை விடாது. எல்லாக் கணினியிலும் அதைப் போட்டு, ஐந்து மணிக்கு ஓடும்படி வைத்தேன்.

ஒரே ஒரு இடத்தில் அது தோற்றது. யாராவது ஒரு கட்டத்துக்குள் போய், பாதி அடித்து, என்டரைத் தட்டாமல் விட்டிருந்தால் எக்செல் வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டளையையும் கேட்காது. கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும் வரை ஆள் இன்னும் ஏதோ எழுதப்போகிறார் என்றுதான் அதற்கு எண்ணம். ஒருவர் பேசி முடிக்கும் முன்னே குறுக்கே பேசாத மரியாதை அந்த மென்பொருளுக்கு இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அது வேறு யாருக்கும் கிடையாது. "பாதியில விட்டுப்போடாதீங்க, என்டரைத் தட்டிருங்க. இல்லாட்டி என் ஸ்கிரிப்ட்டால ஒண்ணும் பண்ண முடியாது" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அண்ணாச்சி சண்டைக்கு வருவார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அப்பம் ஆளு மூடல. மிசினு மூடுது."

"ஆமாங்க."

"அப்பம் பாவம் மிசினுக்குத்தான?"

"ஆமாங்க, மிசினுக்குத்தானுங்க."

"சரி, அது பாத்துக்கிடட்டும்."

முடிந்தது விவகாரம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முதல் நாள் ஐந்து மணிக்குத் திரைகளில் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தபோது அண்ணாச்சி இரண்டு கையையும் தோளுக்குமேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் தொடவில்லை என்று யாருக்குக் காட்டினாரோ தெரியாது.

அன்று முதல் அக்காவுக்கு ஜீப் கிடைத்தது. ஐந்து மணி ஆகப்போகிறது என்றால் எழுந்து, பஸ் கண்டக்டர் மாதிரி மேசை மேசையாக வருவார். "என்டரத் தட்டுங்க, என்டரத் தட்டுங்க. அண்ணாச்சி, ஒங்க கர்சரு உள்ள நிக்கி பாருங்க." தட்டாதவர் மேசையில் அவரே குனிந்து தட்டிவிடுவார். திரைகள் வெறுமையானதும் எண் போட்டு, தாளைச் சேர்த்து அனுப்பிவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடுவார்.

கீழே இறங்கும் அவர் ஜீப்பும், மேலே ஏறி வரும் கணவரின் ஜீப்பும் கீழ் வளைவில் ஒன்றையொன்று கடக்கும். கணவர் அங்கே நீளமாக ஒரு ஹாரன் அடிப்பாராம். வீட்டிலிருக்கும் மகளுக்கு அது கேட்கும். "ஹாரன் கேட்டதும் நான் வந்துட்டேன்னு அந்தக் கழுதைக்குத் தெரிஞ்சிரும். நான் போய்ச் சேருததுக்குள்ள அடுப்புல டீத்தண்ணி கொதிச்சிட்டு இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த ஸ்கிரிப்ட்டை எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அந்த டீத்தண்ணிதான். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி மாதம் வந்தது. மேனேஜருக்கு அது கர்க்கடகம். பெயர் எதுவானாலும் மழை ஒன்றுதான். ஒருநாள் விடிந்ததிலிருந்து நிற்காமல் கொட்டியது. மதியத்துக்குமேல் போனில் ரேஞ்ச் போய்விட்டது. மற்ற டிவிஷன் வண்டிகள் சீக்கிரமே வந்து மூட்டையை இறக்கிவிட்டன. அந்த டிரைவர்களில் ஒருவர், மேல் பாதையில் மண் சரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ் வளைவில் வந்து சேரும் அந்தப் பாதையில்தான் அக்காவின் கணவர் வர வேண்டும். அவர் வண்டி வரவில்லை.

ஐந்து மணி நெருங்கியதும் அக்கா வழக்கம்போல எழுந்து வந்தார். "என்டரத் தட்டுங்க." குரலில் எந்த மாற்றமும் இல்லை. எல்லார் மேசைக்கும் வந்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்கு என் கோப்பு மூடியது. அண்ணாச்சியுடையது மூடியது. உலர்த்தும் பிரிவினுடையதும் மூடியது. அக்காவுடையது மட்டும் திறந்தே இருந்தது. ஸ்கிரிப்ட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்துத்தான் எழுந்து போனேன்.

கோளாறு ஒன்றும் இல்லை. கடைசி வண்டியின் வரிசையில், 'வந்து சேர்ந்த மூட்டை' என்ற தலைப்புக்குக் கீழே, காலியான கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் கைகள் மடியில் இருந்தன.

நான் வாயைத் திறக்கும் முன்னே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தட்டல" என்றார்.

வண்டி என்ன எக்செல்லிலா ஓடுகிறது என்று கேட்டவர் இவர்தான். எனக்கு அது நினைவுக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என் ஸ்கிரிப்ட் வந்து அந்தக் கோப்பை மூடப் பார்த்தது, முடியாமல் திரும்பிப் போனது. அது வந்து போவது வெளியில் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

கேட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"தம்பி, அந்த டிரைவர்ட்ட சொல்லிருங்க. புள்ளய அங்ஙன பக்கத்துல இருக்க டீச்சர் வீட்டுல கொண்டு விட்டுரச் சொல்லுங்க. நான் வரல."

நான் மழையில் ஓடிப்போய்ச் சொன்னேன். டிரைவர் மேல் பாதையை ஒருதரம் பார்த்தார். "நான் கையோட கூட்டிட்டுப் போய் விட்டுட்டுத்தான் போவேன்னு சொல்லுங்க" என்றார். ஜீப் கீழே இறங்கியது.

நான் உள்ளே வந்தபோது அண்ணாச்சி அக்காவின் மேசைப் பக்கத்தில் டீயோடு நின்றிருந்தார். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீயை மேசை ஓரத்தில் வைத்தார், பிறகு யோசித்து எடுத்து இன்னும் தள்ளி வைத்தார். கீபோர்டை ஒட்டி அடுக்கியிருந்த ரசீதுக் கட்டுகளை எடுத்து வேறு மேசைக்கு மாற்றினார். "பாத்து தாயி, கை கிய்யி பட்டுரப் போவுது" என்றார். நான் போய் மவுஸ் ஒயரைச் சுருட்டி ஓரமாக ஒதுக்கினேன்.

அப்போது கரண்ட் போனது.

யுபிஎஸ் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. அது பழைய பேட்டரி; எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதிக நேரம் தாங்காது. ஃபோல்டர் இருந்த என் கணினியையும் அக்காவுடையதையும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். பிரிண்டர், போன் சார்ஜர், மேனேஜர் அறைக்குப் போகும் ஒயர். மேனேஜர் எட்டிப் பார்த்து, அங்கே என்ன என்பதுபோல், "எந்தா அவிடெ?" என்றார். வந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் யாராவது என்னிடம், படித்த மனிதன் நீ, ஒரு காலிக் கட்டத்தில் கர்சர் அணையக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டு நிற்பாய் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நின்றேன். பயமாக இருந்தது.

முதலில் கேட்டது பெண்களின் பேச்சுச் சத்தம். காய் பறிக்கப் போனவர்கள், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கேட்டுக்குள் நுழைந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், முழங்கால் வரை சேற்றோடு, அக்காவின் கணவர். பாதையில் மண் சரிந்துவிட்டதாம். வண்டியை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, எல்லாரையும் மண்மேட்டின் மேல் ஏற்றி இறக்கி நடத்தியே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

வாசலில் காலை உதறியவர், உள்ளே இருந்த மனைவியைப் பார்த்ததும் கத்தினார்.

"ஏட்டி, நீ இன்னும் போவலயா? புள்ள தனியா கெடக்குமே! கூறு இருக்கா ஒனக்கு?"

அவ்வளவு மண்ணைத் தாண்டி வந்த மனிதன் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா திரையைப் பார்த்தபடியே, தினமும் எல்லா டிரைவரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"எத்தன மூட்ட?"

"மூட்டையா? மூட்ட எல்லாம் அந்தப் பக்கம் வண்டியில கெடக்கு. ஆளு தப்பிச்சு வந்தது போதாதா?"

அக்கா கையை மடியிலிருந்து எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் மெதுவாக ஆரம்பித்தார்.

"தாயி, சுமை இன்னும் வழியிலதான கெடக்கு..."

"கெடந்துட்டுப் போவட்டும் அண்ணாச்சி."

பூஜ்யம் அடித்தார். என்டரைத் தட்டினார். அடுத்த முறை வந்த ஸ்கிரிப்ட் கோப்பைச் சேமித்து மூடியது. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு அக்கா அழுதார். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவருடைய குடையைத் தேடி எடுத்தார்.

"ஷீட் நாளெ மதி" என்றார் மேனேஜர். தாள் நாளைக்குப் போனால் போதுமாம். அவரே தன் வண்டியை எடுத்து வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டார். பறிப்புப் பெண்களை அண்ணாச்சி ஸ்டோருக்குள் கூட்டிப்போய், உலர்த்தும் அறைச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டுக் கேட்டில் வந்து நின்றேன். டீக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியும் வந்து நின்றார்.

வெகுநேரம் மழைச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் கீழ் வளைவிலிருந்து ஒரு ஹாரன், நீளமாக. மேனேஜர் வண்டியின் ஹாரன்தான். யார் சொல்லி அடித்தாரோ.

"டீச்சர் வீட்டுலயும் கேட்டுருக்கும். புள்ள ஓடிப்போய் டீத்தண்ணி வச்சிருவா" என்றார் அண்ணாச்சி. குவளையைக் கழுவ உள்ளே போனார்.